கோழிக்காக நேர்ந்துகொண்ட சேவல்

எங்கள் வீட்டில் ஒரு கோழி வானத்தைப் பார்த்தபடியே வளர்ந்தது. அதற்கு வானத்தின் மேல் தனிப்பிரியம் ஒன்றும் கிடையாது. முட்டையை விட்டு வரும்போதே கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, அலகு மேலே பார்த்தபடி நின்றுவிட்டது. கால்களும் சரியில்லை. ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டது போல ஆளுக்கொரு பக்கமாக விரிந்து கிடந்தன. கூடப் பிறந்த குஞ்சுகள் தாய்க்கோழியின் பின்னால் ஓடியபோது, இது வயிற்றைத் தரையில் தேய்த்தபடி கொஞ்ச தூரம் நகர்ந்து, களைத்துப்போய்க் கத்தியது. தாய்க்கோழி திரும்பி வந்து பார்த்தது, ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போய்விட்டது. அந்தத் தாய்க்கோழியின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை.

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா மலையில் கொழுந்து பறித்தார். அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில், வாடிய கொழுந்தை அரைக்கும் ரோலர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்தார். அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தார். வீட்டில் எது நடக்க வேண்டும், எது நடக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அம்மாவின் தம்பியும் இருந்தார். கொழும்பில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்து, அடுத்து என்ன வேலை செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். நானறிந்த வரையில் மாமா அளவுக்கு நிதானமாக யோசித்தவர்கள் எங்கள் தோட்டத்தில் யாரும் இல்லை.

குஞ்சைப் பார்த்தவுடன் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இது தேறாது. பொழுது சாயிறதுக்குள்ள போயிரும். அடுப்படியில போட்டு வீட்ட நாறடிக்காத புள்ள."

நான் அதை எடுத்து என் சுவெட்டருக்குள் விட்டுக்கொண்டேன். அன்று பொழுது சாய்ந்தது, குஞ்சு போகவில்லை. மறுநாள் காலையிலும் கத்தியது. தான் சொன்னபடி நடக்காத ஒரு குஞ்சை அத்தை முதன்முதலாக மரியாதையோடு பார்த்தார்.

மாமாவுக்கு இப்படி ஒரு வேலைதான் தேவைப்பட்டது. எங்கள் லயத்திலேயே முதலில் தொடுதிரை போன் வைத்திருந்தவர் அவர். ஆனால் சிக்னல் மலை உச்சியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். சுவெட்டருக்குள் குஞ்சோடு நானும், கையை உயர்த்திப் போனைப் பிடித்தபடி மாமாவும் மூடுபனிக்குள் ஏறிப் போனோம். அங்கே போனில் ஓடிய வீடியோவில் ஒரு வெள்ளைக்கார அம்மா, இதே மாதிரிக் கால் விரிந்த குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். மாமா எனக்கு மொழிபெயர்த்தார்.

"காலக் கட்டணும்னு சொல்றாங்க."

"அது தெரியுது மாமா. எப்புடிக் கட்டுறது?"

"அதத்தான் இப்ப சொல்லிக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் பொறு."

படம் நின்றுவிட்டது. அந்த அம்மா வாயைத் திறந்தபடியே நெடுநேரம் நின்றார். மிச்சத்தை மாமா சொந்தமாக யோசித்துக் கண்டுபிடித்தார். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை மெல்லிய துண்டாக வெட்டி, இரண்டு கால்களையும் கைதிக்கு விலங்கு மாட்டுவது போல அளவான இடைவெளி விட்டுச் சேர்த்து ஒட்டினோம். கால் மறுபடி விரியாமல் இருக்கக் குஞ்சை ஒரு கோப்பைக்குள் நிறுத்த வேண்டும் என்பதும் மாமாவின் யோசனைதான். வீட்டில் அதற்குப் பொருத்தமான அகலத்தில் இருந்தது அப்பாவின் தேநீர்க் கோப்பை ஒன்றுதான். விடிகாலையில் வேலைக்குக் கிளம்பிய அப்பா தன் கோப்பையைத் தேடினார். அதற்குள் இருந்து ஒரு தலை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போனார். அந்த மாதம் முழுக்க டம்ளர்தான்.

கழுத்துக்கு மட்டும் மாமாவிடமும் வழியில்லை. குஞ்சு ஒரு பருக்கையைக் குறிபார்த்தால் பக்கத்தில் நிற்பவர்களின் கால் விரலைக் கொத்தும். தண்ணீர் குடிக்கக் குனியவே முடியாது. அதனால் காய்ச்சல் மருந்துப் போத்தலோடு வந்த சின்னப் பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் எடுத்து, நான் மேலே இருந்து சொட்டுச் சொட்டாக விடுவேன். என் கை உயர்வதைக் கண்டாலே அலகைத் திறந்துகொள்ளும். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் கோணல் கழுத்து வசதியாக இருந்தது.

பெயர் வைத்தவரும் மாமாதான். தோட்டத்தின் உதவி மேலாளரை எங்கள் பக்கத்தில் சின்னத்துரை என்போம். யாராவது குறை சொல்லப் போனால் அவர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்பாராம், ஆளின் முகத்தைப் பார்க்கவே மாட்டாராம். இதுவும் அப்படித்தானே பார்க்கிறது என்றார் மாமா. அன்றிலிருந்து அது சின்னத்துரை ஆயிற்று. "சின்னத்துர இன்னிக்கு வெளிக்கிப் போனாரா" என்று நான் கூவிக் கேட்டபோது, அந்தத் துரையின் கீழ் வேலை பார்க்கிற கணக்கப்பிள்ளை லயத்து வழியாகப் போய்க்கொண்டிருந்தார். அதன் பிறகு அம்மா என்னை வீட்டுக்குள் மட்டும்தான் அந்தப் பெயரைச் சொல்லவிட்டார்.

பிளாஸ்டர், கோப்பை எல்லாம் சேர்த்தும் கால் சரியாகிற வழியாக இல்லை. நிறுத்தினால் நிற்கும், கையை எடுத்தால் சரிந்துவிடும். எனக்கு அழுகை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற ரோதைமுனிக்குச் சூடம் ஏற்ற அத்தை போனபோது நானும் போனேன். ரோதை என்றால் இயந்திரச் சக்கரம். அந்தச் சக்கரங்கள் யாருடைய கையையும் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்வது இந்த முனியின் வேலை. ஒரு கருங்கல்லும் ஒரு சூலமும்தான் ஆள். தோட்டத்தில் மற்றச் சாமிகளைக் கும்பிடுவோம். இவரைப் பார்த்தால் பயப்படுவோம்.

நான் கண்ணை மூடிக்கொண்டு, கோழிக்குக் கால் சரியாக வேண்டும் என்று கேட்டேன். அத்தை பக்கத்திலிருந்து திருத்தினார்.

"சாமிக்கிட்ட சும்மாவா கேக்குறது? இத நீ செஞ்சா நா இது குடுக்குறேன்னு சொல்லிக் கேக்கணும்."

"என்னா குடுக்குறது அத்தே?"

"இவருக்குச் சேவல்தான்."

பெரியவர்கள் நேர்ந்துகொள்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதே மாதிரிக் கையைத் தலைக்கு மேல் கூப்பி, சத்தமாகவே சொன்னேன். என் கோழி நல்லா நடந்துச்சுன்னா, உனக்கு ஒரு சேவல் தர்றேன் சாமி. அத்தைக்குப் பரம திருப்தி. திருநீற்றை எனக்குப் பூசிவிட்டு, மிச்சத்தைக் கோழிக்கென்று மடித்துக் கொடுத்தார். எட்டு வயதில் முனியோடு நேரடியாகப் பேரம் பேசிவிட்ட பெருமையில் நான் குதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பிளாஸ்டரோ, கோப்பையோ, திருநீறோ, எது வேலை செய்தது என்று தெரியாது. சின்னத்துரை நடந்தது. முதலில் சுவரோரம் சாய்ந்து சாய்ந்து, பிறகு வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பிறகு முற்றத்தில். கழுத்துக் கோணலால் நேராகப் போக வராது. எங்கே கிளம்பினாலும் ஒரு வளைவு எடுத்துத்தான் போய்ச் சேரும். எனக்கு அது போதும். இனி முட்டையிடும், அடை வைக்கலாம், குஞ்சுகள் எல்லாம் நேரான கழுத்தோடு வரும் என்று கனவு கண்டேன். ஏனென்றால் அது பெட்டை என்று அத்தை உறுதியாகச் சொல்லியிருந்தார். கோழி விஷயத்தில் அத்தை தவறியதே இல்லை என்று அத்தையே சொல்லுவார்.

ஒரு காலையில் சின்னத்துரை முற்றத்து நடுவில் நின்று கூவியது. கழுத்து முறுக்கியிருந்ததால் சத்தம் பாதியில் சிக்கி, மீதி பக்கவாட்டில் வெளியே வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத சேவல் கூவல்தான். நான் கைதட்டினேன். மாமா சிரித்தார். அத்தை கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முனிக்கு நேந்த சேவலு வந்துருச்சு" என்றார்.

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. எங்கள் வீட்டில் வேறு சேவல் கிடையாது. விளங்கியதும் நான் கோழியைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேறு ஒரு சேவல் வாங்கிக் கொடுக்கலாமே என்று அங்கிருந்தபடியே கத்தினேன்.

"அவரு குடுத்த காலு அது" என்றார் அத்தை. "அந்தக் காலோடதான் அவருகிட்டப் போகணும். கடையில வாங்கிக் குடுக்குறதுக்கு நேத்திக்கடன் எதுக்கு?"

அத்தை கொடுமைக்காரர் இல்லை. அவர் புருஷன் அதே தொழிற்சாலையில் வேலை செய்தவர். ரோலர் அவருடைய இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டு ஏதோ ஒரு நேர்த்தி தவறிப்போனதுதான் காரணம் என்று அத்தை கடைசி வரை நம்பினார். இப்போது அதே ரோலருக்குப் பக்கத்தில் அவருடைய தம்பி, என் அப்பா. இதை அத்தை எனக்கு ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் அப்பா வேலை முடிந்து வந்ததும் நான் ஓடிப்போய் அவர் கைகளை விரித்துப் பார்ப்பேன். பத்தும் இருக்கும். மகளுக்குத் தன் மேல் திடீரென்று இத்தனை பாசமா என்று அப்பா உருகிப்போய் எனக்குப் பேரீச்சம்பழம் வாங்கி வந்தார். நான் அதில் பாதியைச் சின்னத்துரைக்கு ஊட்டிவிட்டு அழுதேன். அப்பாவின் விரல்களும் வேண்டும், கோழியும் வேண்டும். இரண்டில் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

மாமா எனக்காக வாதாட முன்வந்தார். கோழி நன்றாக நடந்தால்தானே சேவல் தருவதாகப் பேச்சு? இது எங்கே நன்றாக நடக்கிறது, வளைந்து வளைந்து அல்லவா போகிறது என்று கேட்டார். அத்தை ஒரு பிடி அரிசியை முற்றத்தின் அந்தக் கோடியில் வீசினார். கொஞ்சம் நொண்டிக் காட்டு என்று நான் மனதுக்குள் சின்னத்துரையைக் கெஞ்சினேன். அது பிறந்ததிலிருந்து ஓடாத ஓட்டம் ஓடியது.

"வளைஞ்சுதான் போச்சு மதினி, பாத்தீங்களா" என்றார் மாமா.

"அது கழுத்து செய்யிற வேல. இவ நேந்தது காலுக்குத்தானே, கழுத்துக்கா நேந்தா?"

மாமா விடவில்லை. ஊனம் உள்ளதைச் சாமிக்குக் கொடுக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியுமே என்றார். அத்தை முதல் தடவையாகத் தயங்கினார். விஷயம் பூசாரியிடம் போயிற்று. பூசாரி மற்ற நாட்களில் தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். எங்கள் லயத்துக்கு மேல் லயம். வந்து, சின்னத்துரையைக் கையில் எடுத்து, கால் இரண்டையும் நீட்டிப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். அது அவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தது.

"நா சொல்றதுக்கு என்னா இருக்கு. வருசப் பூசையில தண்ணி ஊத்திக் கேப்போம். அவரே சொல்லட்டும்" என்றார்.

அது எங்கள் பக்கத்து வழக்கம். வெட்டுவதற்கு முன்னால் சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். சிலுப்பாமல் நின்றால் வேண்டாம் என்கிறார். ஈரம் பட்ட கோழி சிலுப்பாமல் என்ன செய்யும்? இதுவரை முனி எதையும் வேண்டாம் என்றதாக யாருக்கும் நினைவில்லை. எனக்கு அது தெரிந்திருந்ததால் பூசை நாள் வரைக்கும் சோறு இறங்கவில்லை.

அன்றைக்குத் தொழிற்சாலை இயந்திரங்களை நிறுத்தி, ரோலருக்கு மாலை போட்டிருந்தார்கள். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் குளித்துவிட்டுக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பின்பக்கத்தில் பெரிய சட்டிகள் காத்திருந்தன. அப்பா சின்னத்துரையைக் கல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் விலகி நின்றார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். பூசாரி மந்திரம் சொல்லி, செம்பை உயர்த்தினார்.

கை உயர்வதைக் கண்டதும் சின்னத்துரை அலகைத் திறந்தது.

பூசாரி ஊற்றினார். அது குடித்தது. தலையில் விழ வேண்டியதில் பாதி வாயில் விழ, மீதி கழுத்து வழியே இறங்கியது. சிலுப்பவில்லை. விழுங்கிவிட்டு மறுபடி அலகைத் திறந்து காத்திருந்தது. பூசாரி இன்னொரு முறை ஊற்றினார், கொஞ்சம் தாராளமாகவே. அதையும் குடித்தது. கூட்டத்தில் யாரோ "பாவம், தாகமா இருக்கான் போல" என்றார்கள். பூசாரி பக்கவாட்டில் வந்து முதுகில் ஊற்றிப் பார்த்தார். சின்னத்துரை செம்பு போன பக்கமாக ஒரு வளைவு எடுத்துத் திரும்பி, அவருக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றது. செம்பு காலியாயிற்று. சின்னத்துரை ஏப்பம் விடுவது போல ஒரு சத்தம் செய்தது. தோட்டமே சிரித்தது, சிரித்துவிட்டு, முனி இருக்கிற இடம் என்று நினைவு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பூசாரி செம்பைக் கீழே வைத்தார்.

"வேணாங்கிறாரு" என்றார். "ஆனா நேந்தது நேந்ததுதான். வேற சேவல் கொண்டாங்க, பூச முடியிறதுக்குள்ள."

நான் ஓடிப்போய்ச் சின்னத்துரையைத் தூக்கிக்கொண்டேன். மஞ்சள் தண்ணீரெல்லாம் என் சட்டையில் இறங்கியது. வாழ்க்கையில் அத்தனை சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. அத்தைக்கு மட்டும் கலக்கம். தம்பியின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றவர், மாமாவைக் கூப்பிட்டு, தோட்டத்தின் கீழ் டிவிசன் லயங்களில் யாரிடமாவது ஒரு சேவல் இருக்கும், என்ன கேட்டாலும் கொடுத்து வாங்கி வரச் சொன்னார். மாமா முதன்முறையாக யோசிக்காமல் கிளம்பினார். ஆட்டோவில் போய், சட்டிகள் சூடாவதற்குள் வந்துவிட்டார்.

அழகான சேவல். செந்நிறம், நேரான கழுத்து, நேரான கால்கள். இடது காலில் ஊதா நிறக் கம்பளி நூல் ஒன்று கட்டியிருந்தது. சாமிக்குக் கொடுப்பதில் கட்டு இருக்கக் கூடாது என்று பூசாரி சொன்னார். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த அவருடைய கை அந்த முடிச்சுக்குச் சரிவரவில்லை. சின்னக் கைக்குத்தான் வரும் என்று என்னைக் கூப்பிட்டார். நான் சின்னத்துரையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். சேவல் அசையாமல் நின்றது. தூக்கிப் பழக்கப்பட்ட கோழி அப்படித்தான் நிற்கும். முடிச்சு, நாங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சடை ரிப்பனில் போடுகிற அதே இரட்டைப் பூ முடிச்சு. ரொம்ப இறுக்கமாகப் போட்டிருந்தது. நகத்தால் கிள்ளிப் பார்த்து, பல்லால் கடித்து, கடைசியில் அவிழ்த்துவிட்டேன். இப்படியா போட்டுத் தொலைப்பது என்று கட்டியவர்கள் மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

முதல் சொட்டு பட்டதும் அந்தச் சேவல் உடம்பெல்லாம் சிலுப்பிக்கொண்டது. எல்லாரும் முனியைக் கும்பிட்டார்கள். அத்தை அப்பாவின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சோறு பந்தியில் போட்டார்கள். பல நாள் பட்டினியையும் சேர்த்துச் சாப்பிட்டேன். அம்மா தன் தட்டிலிருந்தும் எனக்கு ஒரு துண்டு வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் என் உள்ளங்கையிலேயே இருந்த ஊதா நூலைச் சின்னத்துரையின் காலில் கட்டினேன். சரியாகிப்போன அந்தக் காலுக்கு நிறம் எடுப்பாக இருந்தது. இனி இந்தக் கோழி என்னுடையது என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவிழ்ந்துவிடாமல் இருக்க இரட்டை முடிச்சாகவே போட்டேன், பல்லால் கடித்து இறுக்கியும் விட்டேன். அம்மா அந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாமாவிடம், சேவலை யாரு வீட்டுல வாங்கின என்று கேட்டார். மாமா கையைக் கழுவப் போய்விட்டார். அம்மா ஏன் அதைக் கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு இருக்கிறதா என்று கேட்டேன்.